கைக்கு ஒரு வேகம் உண்டு

கரிசல் காட்டில் பருத்தி எடுப்பவர்கள் நிமிர்வது, மடி நிறைந்து கொட்டப் போகும்போதுதான். உளுந்து பிடுங்குகிற நாட்களில் அந்த வாய்ப்பும் கிடையாது. விடிந்ததும் குனிந்த முதுகு, வெயில் ஏறும்வரை குனிந்தே இருக்கும். கயத்தாறு சுற்று வட்டாரத்திலிருந்து கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்களுக்குக் குனிவது குறைவு. ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்து கட்டை அடுக்குவதில் கழுத்தும் தோள்பட்டையும் மணிக்கணக்காக இறுகிக் கிடக்கும். நான்குவழிச் சாலையில் லாரி ஓட்டுகிறவர்களுக்கோ இடுப்பு. சாயங்காலமானால் இவர்கள் எல்லாருடைய வாயிலும் வருவது ஒரே வார்த்தை: "கொஞ்சம் அமுக்கி விடு."

அந்த அமுக்கலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கடந்த நாற்பது ஆண்டுகளாகத்தான் விஞ்ஞானிகள் முறையாக அளந்து வருகிறார்கள். கிடைத்திருக்கிற விடைகள் நம் வழக்கமான நம்பிக்கைகளோடு ஒத்துப்போகவில்லை. நல்ல பலம் உள்ளவர் அழுத்திப் பிடித்தால்தான் பலன் என்று நினைக்கிறோம். அளந்து பார்த்ததில், கையின் பலத்தைவிட அது நகரும் வேகமும், கொடுக்கிற நேரமும், எத்தனை வாரம் தொடர்கிறோம் என்பதும்தான் அதிகம் பேசுகின்றன. காசு கொடுத்துத் தொழில்முறை மசாஜுக்குப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

தோலிலிருந்து தொடங்குவோம். தொடுகையை மூளைக்குச் சொல்லும் நரம்பிழைகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, கொழுப்பு உறை போர்த்தியது. நொடிக்கு 50 மீட்டர் அளவுக்குச் செய்தியைக் கடத்தும். எங்கே தொட்டார்கள், எவ்வளவு அழுத்தம், துணி சொரசொரப்பா வழவழப்பா என்பதெல்லாம் இதன் வேலை. இன்னொரு வகை, உறை இல்லாத மிக மெல்லிய இழை. நொடிக்கு ஒரு மீட்டர்தான் அதன் வேகம். சி-டாக்டைல் என்று பெயர். முடி முளைக்கிற தோலில், அதாவது முதுகு, முன்கை, தொடை போன்ற இடங்களில் இது நிறைய உண்டு. உள்ளங்கையில் மிகமிகக் குறைவு.

இவ்வளவு மெதுவான நரம்பு எதற்கு? ஸ்வீடனில் ஹோகன் ஓலாஸன் என்ற நரம்பியலாளரும் அவருடைய குழுவினரும் 2002-ல் ஒரு விடையை வெளியிட்டார்கள். ஒரு நோயால் உறை போர்த்திய தொடு நரம்புகளை முழுக்க இழந்துவிட்ட ஒரு பெண்ணை அவர்கள் ஆராய்ந்தார்கள். கழுத்துக்குக் கீழே யார் எங்கே தொட்டாலும் அவருக்குத் தெரியாது. ஆனால் முன்கையில் மென்மையான தூரிகையால் மெதுவாக வருடியபோது, ஏதோ ஒரு இதம் தெரிகிறது என்றார். எந்தத் திசையில் வருடுகிறார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. இதமாக இருப்பது மட்டும் தெரிந்தது. மூளையைப் படம்பிடித்தபோது, தொடுகையின் இடத்தையும் வடிவத்தையும் கணிக்கிற பகுதி அமைதியாக இருந்தது. உடம்பின் உள்நிலையையும் உணர்ச்சியையும் கவனிக்கிற இன்சுலா என்ற பகுதி விழித்துக்கொண்டிருந்தது. இதத்துக்கென்றே நமக்குத் தனி நரம்பு இருக்கிறது! இதைப் படித்த நாளிலிருந்து, பிள்ளையின் முதுகைத் தடவித் தூங்கவைக்கும் எந்தத் தாயையும் என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

இந்த நரம்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 2009-ல் வெளியான தொடர் ஆய்வில் தூரிகையை வெவ்வேறு வேகத்தில் நகர்த்திப் பார்த்தார்கள். நொடிக்கு 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரையான வேகத்தில்தான் அது நன்றாகத் துடிக்கிறது. 3 சென்டிமீட்டர் அளவில் உச்சம். அதைவிட வேகமாகப் போனால் அடங்கிவிடுகிறது. எந்த வேகம் சுகமாக இருக்கிறது என்று மனிதர்கள் சொன்ன பதிலும் அதே வளைவில்தான் ஏறி இறங்கியது. பின்னால் 2014-ல் வெப்பத்தையும் சோதித்தார்கள். தோலின் இயல்பான வெப்பமான 32 டிகிரி செல்சியஸை ஒட்டிய தொடுகைக்குத்தான் அது அதிகம் பதில் சொன்னது. சில்லிட்ட கைக்கும் சுடுகிற கைக்கும் அவ்வளவாக இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கழுத்தடியிலிருந்து இடுப்புவரை சுமார் 45 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் ஒருமுறை நீவி இறங்க 15 நொடி ஆகும். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை 8 நொடி. சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போய் அருவிக்கு முன்னால் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள், அங்கே கை எவ்வளவு விறுவிறுவென்று ஓடும் என்பதை நினைத்துப் பார்க்கலாம். அடுத்த ஆள் காத்திருக்கும்போது யாரும் 15 நொடி எடுத்து ஒரு முதுகை நீவ மாட்டார்கள். அந்தத் தேய்ப்பில் உற்சாகம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் இந்த மெல்லிய நரம்புக்கு அது அனேகமாக எட்டியிருக்காது.

வெப்பத்தைப் பற்றிச் சொன்னது கயத்தாற்றுக்காரர்களுக்கு இன்னொரு வகையிலும் பொருந்தும். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றை நம்பித்தான் இந்த ஊரைச் சுற்றி இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. எண்ணெய் பூசிய, வியர்த்த உடம்பில் அந்தக் காற்று பட்டால் தோல் சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த உடம்பு தன்னையறியாமல் தசையை இறுக்கும். திறந்த திண்ணையைவிடக் காற்று நேரே பாயாத அறை நல்லது. எண்ணெயை வெதுவெதுப்பாக்கிக் கையில் தடவிக்கொண்டு தொடங்குவதற்குக் காரணமும் இதுதான். நல்லெண்ணெய் தசைக்குள் ஊறிப்போய் வலியை எடுக்கிறது என்பார்கள். எண்ணெயில் பெரும்பங்கு தோலின் மேலடுக்கிலேயே நின்றுவிடும். அது செய்கிற வேலை வேறு: உராய்வைக் குறைத்து, தோலை இழுத்துப் புண்ணாக்காமல் கையை மெதுவாக நகர விடுகிறது. அந்த ஒரு வேலைக்கே அதற்கு நன்றி சொல்லலாம்.

அப்படியானால் அழுத்தமே வேண்டாமா? வேண்டும். முழங்கால் கட்டிலில் இடித்துக்கொண்டால் கை தானாகப் போய் அந்த இடத்தைத் தேய்க்கிறது அல்லவா? 1965-ல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் அதற்கு விளக்கம் சொன்னார்கள். தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு ஒரு வாயில் இருக்கிறது. தொடுகையும் அழுத்தமும் கொண்டுவரும் செய்திகள் அந்த வாயிலைச் சாத்துகின்றன என்றார்கள். கோட்பாடு பிறகு பலவாறு திருத்தப்பட்டது. ஆனாலும் வலி தண்டுவடத்திலேயே கூட்டியும் குறைத்தும் அனுப்பப்படுகிறது என்ற அடிப்படை இன்றும் நிற்கிறது. அழுத்தம் என்பதை உடம்பு எப்படி உணர்கிறது என்று மூலக்கூறு அளவில் காட்டியதற்காகத்தான் 2021-ல் ஆர்டெம் படாபூட்டியனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உயிரணுவின் சவ்வு அழுந்தும்போது திறந்துகொள்ளும் புரத வாயில்களை அவருடைய குழு கண்டுபிடித்திருந்தது.

எவ்வளவு அழுத்தம் என்பதற்கு மிக அழகான சான்று பச்சிளம் குழந்தைகளிடமிருந்து வந்தது. மயாமி பல்கலைக்கழகத்தின் டிஃபனி ஃபீல்ட், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தினம் மூன்று முறை, 15 நிமிடம் வீதம், பத்து நாட்கள் நீவியும் கைகால்களை மெல்ல மடக்கி நீட்டியும் விடச் செய்தார். 1986-ல் முடிவு வெளியானது. நீவப்பட்ட குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட நாளொன்றுக்கு 47 சதவீதம் அதிகமாக எடை கூடியிருந்தன; ஆறு நாள் முன்னதாகவே வீட்டுக்கும் போயின. இரண்டு கூட்டத்துக்கும் கொடுத்த பாலின் அளவில் வேறுபாடு இல்லை. லேசாகத் தடவுவதற்கு இவ்வளவு பலன் இல்லை, மிதமான அழுத்தத்துக்குத்தான் என்பது பின்னால் தெரிந்தது. வயிற்றையும் இதயத்தையும் அமைதிப்படுத்துகிற வேகஸ் நரம்பு அந்த அழுத்தத்தில் தூண்டப்படுவதுதான் காரணம் என்கிறார் ஃபீல்ட். காலை நீட்டி உட்கார்ந்து பேரப்பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுகிற ஆச்சியின் கை அந்த அளவைப் பழக்கத்தால் அறிந்து வைத்திருக்கிறது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் விட்டுவிட வேண்டும். மூக்கில் விடுகிற எண்ணெய் குழந்தையின் நுரையீரலுக்கு ஆபத்து.

மிதத்துக்கு மேலே போவதில் லாபம் இல்லை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தசைகளைப் போர்த்தியிருக்கும் உறைகளை அழுத்திப் பிசைந்து நீட்டிவிடலாம் என்று பல மசாஜ் நிலையங்கள் சொல்கின்றன. தொடையின் பக்கவாட்டில் இருக்கும் தடித்த உறையை ஒரே ஒரு சதவீதம் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று 2008-ல் ஒரு குழு கணக்கிட்டது. 925 கிலோ எடைக்குச் சமமான விசை! எந்த முழங்கையாலும் அது ஆகாது. அப்படியானால் பிடித்து முடித்ததும் தசை இளகினாற்போல் இருப்பது ஏன்? தசையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி நரம்பு மண்டலம் அனுப்பும் கட்டளை தளர்வதால். கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே தண்டுவடத்தின் அனிச்சைத் துடிப்பு குறைவதை 1990-ல் கனடா ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். பிசைவதை நிறுத்தியதும் அது பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. கட்டளை தளர வேண்டுமானால் நரம்பு மண்டலத்துக்கு அச்சம் இருக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிற வலியில் உடம்பு காவலுக்கு நிற்கும், இன்னும் இறுகும். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். அப்போதே வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். மறுநாள் கன்றிப்போன தோலைக் காட்டி "நல்லா எடுத்துவிட்டார்" என்று மெச்சுவது எனக்கு வருத்தம் தருகிறது. அது தோலுக்கடியில் இரத்தக்குழாய்கள் உடைந்த அடையாளம், அவ்வளவுதான்.

லாக்டிக் அமிலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலை செய்த தசையில் அது தேங்கி வலிக்கிறது, மசாஜ் அதைக் கழுவி வெளியேற்றுகிறது என்று விளையாட்டுப் பயிற்சியாளர்கள் முதல் அழகு நிலையங்கள்வரை சொல்லிவருகிறார்கள். அந்த அமிலம் ஒரு மணி நேரம்போல ஓய்வெடுத்தாலே தானாக வடிந்துவிடும்; இதயம் அதை எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கிறது. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2010-ல் அளந்து பார்த்தபோது, உடற்பயிற்சி முடிந்த கையோடு பிசைவது இரத்த ஓட்டத்தைத் தடுத்து, அமிலம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தியது.

இதே கனடாவில், மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் டார்னோபோல்ஸ்கியின் குழு செய்த ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பதினோரு இளைஞர்களை உடற்பயிற்சி சைக்கிளில் களைத்து ஓயும்வரை மிதிக்கவைத்தார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு காலை மட்டும் 10 நிமிடம் பிசைந்தார்கள். மற்றக் காலைச் சும்மா விட்டார்கள். இரண்டு தொடையிலிருந்தும் ஊசியால் துளித் தசையை எடுத்து ஆராய்ந்தார்கள். 2012-ல் வெளியான முடிவு இது: லாக்டிக் அமிலத்தில் இரண்டு காலுக்கும் வேறுபாடே இல்லை. ஆனால் பிசைந்த காலின் தசையணுக்களில் அழற்சியைக் கிளப்புகிற சமிக்ஞைகள் அடங்கியிருந்தன. அணுவுக்கு ஆற்றல் தருகிற மைட்டோகாண்ட்ரியாக்களைப் புதிதாக உருவாக்கச் சொல்லும் சமிக்ஞை கூடியிருந்தது. வெளியிலிருந்து ஒரு கை கொடுத்த அழுத்தத்தைத் தசையணு ஒரு செய்தியாகப் படித்து, தன் மரபணுக்களின் வேலையை மாற்றிக்கொள்கிறது! பதினோரு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். இருந்தாலும், அறுவடை தொடங்கிய முதல் நாளுக்கு அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் உடம்பெல்லாம் கனக்கிறதே, அந்த வலி மசாஜுக்குக் குறைவதை வேறு பல ஆய்வுகளும் உறுதிப்படுத்தியிருக்கின்றன.

இனி நேரம். காசு போட்டு மசாஜ் செய்துகொள்கிறவர்கள் அதிகம் தவறவிடுவது இங்கேதான். சியாட்டிலில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 401 பேரை மூன்றாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. ஒரு பகுதிக்கு மேலோட்டமான இதமளிக்கும் மசாஜ். இன்னொன்றுக்கு, வலிக்கிற தசையையும் மூட்டையும் தேடிச் செய்கிற சிறப்புப் பயிற்சி மசாஜ். மூன்றாவதற்கு வழக்கமான மருத்துவம். வாரம் ஒருமுறை, ஏறக்குறைய ஒரு மணி நேரம், பத்து வாரம். முடிவில் மசாஜ் பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல், வலி மிகவும் குறைந்துவிட்டது அல்லது போய்விட்டது என்றார்கள். வழக்கமான மருத்துவத்தில் இருந்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 25-ல் ஒருவர். இரண்டு மசாஜ் முறைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை! பலன் ஆறு மாதம்வரை நின்றது, ஓராண்டில் மங்கிவிட்டது. விலைப்பட்டியலில் வெளிநாட்டுப் பெயரோடு இருக்கிற முறைக்கு இரண்டு மடங்கு பணம் கொடுப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

கழுத்துவலிக்காரர்கள் 228 பேரிடம் 2014-ல் செய்த இன்னொரு ஆய்வு இன்னும் கறாரானது. அரை மணி நேர மசாஜை வாரம் மூன்று முறை செய்தும் பலன் தெரியவில்லை. ஒரு மணி நேரம், வாரம் இரண்டு அல்லது மூன்று முறை என்று நான்கு வாரம் செய்தவர்களுக்கு நன்றாகக் கேட்டது. முழங்கால் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மணி நேரம், எட்டு வாரம் என்ற அளவு 2012-ல் வந்த ஆய்வில் பொருத்தமாகத் தெரிந்தது. ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிற மழை கரிசலில் ஓடிப்போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் விட்டுவிட்டுப் பெய்வதுதான் உள்ளே இறங்கும். உடம்பும் அப்படியே. ஆண்டுக்கொருமுறை சுற்றுலா போன இடத்தில் பெரிய தொகை கொடுத்துச் செய்துகொள்வதைவிட, அதே பணத்தை எட்டுப் பத்து வாரத்துக்குப் பிரித்துச் செலவிடுவது மேல்.

கயத்தாற்றிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் திருநெல்வேலி; அதை ஒட்டிப் பாளையங்கோட்டையில் 1964-ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. சித்த மருத்துவம் புற மருத்துவ முறைகளை முப்பத்திரண்டாக வகுத்திருக்கிறது. அதில் தொக்கணம் என்கிற மசாஜும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதற்கு ஒன்பது செய்கைகள். ஒன்பதில் அழுத்தல் ஒன்றே ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். முறுக்கல், இழுத்தல், அசைத்தல் போன்றவை மூட்டையும் உடம்பையும் இயக்கிப் பார்க்கின்றன. இன்றைய பிசியோதெரபியில் வலிக்கிற மூட்டை அசைக்காமல் வைக்காதே என்று சொல்வதற்கு இது வெகு அருகில் வருகிறது. ஐந்தரை ஆண்டு படித்த சித்த மருத்துவர் முதலில் நோயைக் கணித்து, பிறகு தொக்கணம் வேண்டுமா என்று முடிவு செய்வார். தெரியாத மசாஜ் நிலையத்தில் நேராகப் படுப்பதற்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு அந்தக் கணிப்புதான்.

அந்தக் கணிப்பு ஏன் முக்கியம் என்றால், கை வைக்கவே கூடாத உடம்புகளும் உண்டு. நெடுநேரம் உட்கார்ந்து ஓட்டிய லாரி டிரைவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அதை அமுக்கினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும், உயிரே போகலாம். காய்ச்சல், ஆறாத புண், எலும்பு மெலிவு, இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம் இவற்றைக் கேட்காவிட்டாலும் நாமே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். நீரிழிவால் கால் மரத்தவர்களுக்கு அழுத்தமும் சூடும் தெரியாது. காயம் பட்டபின்தான் தெரியும். இடுப்புவலியோடு கால் பலவீனமோ, சிறுநீர் கட்டுப்படாமல் போவதோ சேர்ந்தால் நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி எடுப்பதை யாரும் ஒப்புக்கொள்ளவே கூடாது. கழுத்தெலும்புக்குள் ஏறி மூளைக்குப் போகும் தமனி அந்த ஒரு திருப்பலில் கிழிந்து பக்கவாதம் வரலாம். அழகு நிலையத்தில் தலைகழுவக் கழுத்தைப் பின்னால் வளைத்து வைத்திருந்ததற்கே பக்கவாத அறிகுறிகள் வந்த ஐந்து பெண்களைப் பற்றி 1993-லேயே ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதியிருக்கிறார்.

மற்றபடி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். படுப்பதற்கு முன் எங்கே வலி, எப்போதிலிருந்து, எந்த வேலையில் கூடுகிறது என்று சொல்லுங்கள்; அந்த இரண்டு நிமிடம் வீண்பேச்சு இல்லை. முடிந்ததும் துள்ளி எழாமல் ஒருபக்கம் ஒருக்களித்து எழுந்து சிறிது தூரம் நடங்கள். உடம்பு இளகியிருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் கழுத்தையும் தோளையும் மெதுவாக முழு அளவுக்கு அசைத்துப் பார்ப்பது நல்லது. அன்றைக்கே மூட்டை தூக்க வேண்டாம். இரண்டு நாளுக்கு மேல் வலி நீடித்தால் அடுத்த முறை அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

வாரம் ஒரு மணி நேரம், பத்து வாரம் என்பது கூலிக்குப் போகிறவருக்கு எட்டாத கணக்கு. இந்தச் சிகிச்சை மிகத் தேவைப்படுகிற முதுகுகள் கரிசல் காட்டிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் இருக்கின்றன. மசாஜ் நிலையங்களோ நகரத்தில் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. அங்கே தொக்கணம் தெரிந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும், ஒரு கட்டிலும், காற்றுப் படாத ஒரு சிறிய அறையும் கிடைத்தால் கயத்தாறு போன்ற ஊரில் எத்தனையோ பேர் வலி மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அது வரும்வரை வீடுதான். குப்புறப் படுக்க ஒரு பாய், வெதுவெதுப்பான எண்ணெய், அவசரமில்லாத ஒரு கை. முதுகுத்தண்டின் மேல் அழுத்தாமல் இரண்டு பக்கமும், கழுத்தடியிலிருந்து இடுப்புவரை மனத்துக்குள் பதினைந்து எண்ணிக்கொண்டு இறங்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் காலமுக்கி விடுகிற பெண்ணையும் அந்தப் பாயில் படுக்கவைத்து, அதே பதினைந்தை அவருக்கும் எண்ணுங்கள்.